பப்புவா நியூகினியின் மேற்கு மாகாணம்: அங்கே இருந்து வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

உப்புவெளி வாணி கேட்டது:

வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளியில் இருக்கிறேன். என் கணவர் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். கட்டாரில் ஒப்பந்தம் முடித்து வந்து கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தார். இப்போது அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பப்புவா நியூகினியில் ஒரு வேலை சரிவந்திருக்கிறது. மேற்கு மாகாணத்தில் கியுங்கா என்கிற ஊர். தங்குமிடம் தருகிறார்கள், சம்பளமும் பரவாயில்லை.

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். முழுக்கப் பச்சை. நடுவில் ஒரு ஆறு வளைந்து வளைந்து போகிறது. ஊர்ப் பெயர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. கியுங்காவிலிருந்து வடக்கே ஒரு ரோடு போகிறது. தெற்கே ஒன்றையும் காணவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பவர், "அங்க சனமே இல்லை, வெறும் காடு. செலவழிக்க வழியில்லாததால காசு மிஞ்சும்" என்று சொன்னாராம். என் கணவருக்கு அந்தப் பதில் போதும். எனக்குப் போதவில்லை. சனமே இல்லாத இடத்தில் யாருக்காகக் கட்டடம் கட்டுகிறார்கள்?

சம்பளம், விசா பற்றியெல்லாம் விசாரித்தாகிவிட்டது. நான் கேட்பது வேறு. அந்த நிலம் எப்படிப்பட்டது? அங்கே இருக்கிறவர்கள் யார்? என்ன பேசுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்? வெளியார் வந்தால் எப்படிப் பார்க்கிறார்கள்? 4ஆம் வகுப்புப் படிக்கிற மகள் இதைத்தான் தினமும் கேட்கிறாள். அவளுக்குச் சொல்வதற்காவது உண்மையான தகவல் வேண்டும்.

மூதூர் புவியியல் ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் அங்கே போனதில்லை. ஆனால் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். அயன மண்டலத் தாழ்நிலம் என்று பாடம் வரும்போது அமேசனோடு நிறுத்திவிடாமல் இந்த மாகாணத்தையும் சேர்த்துச் சொல்வேன். ஏன் சனம் குறைவு என்று பிள்ளைகள் யோசிக்க அது நல்ல இடம்.

முதலில் அளவு. மேற்கு மாகாணம் சுமார் 98,000 சதுர கிலோமீட்டர். நம் இலங்கை முழுவதும் 65,610தான். ஆனால் 2011 குடிசன மதிப்பீட்டில் அந்த மாகாணத்தில் இருந்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். அதற்கு அடுத்த வருடம் நம் திருகோணமலை மாவட்டத்தில் மட்டும் 3 லட்சத்து 79 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதாவது இலங்கையைப் போல ஒன்றரை மடங்கு நிலத்தில் நம் மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்ட சனம். பப்புவா நியூகினியின் மாகாணங்களில் பரப்பளவில் அதுதான் பெரியது.

வடக்கு ஓரத்தில் மட்டும் உயர்ந்த மலைகள் இருக்கின்றன. அவற்றை நட்சத்திர மலைகள் என்பார்கள். மலையடிவாரத்தில் தபுபில் என்ற சுரங்க நகரம் இருக்கிறது. அங்கே வருடத்துக்குச் சுமார் 8,000 மில்லிமீட்டர் மழை. நம் ஊரில் 1,600 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி தாண்டும் வரைக்கும். தபுபிலில் மழைக்காலம் என்று தனியாக ஒன்றைப் பிரித்துச் சொல்வதே கஷ்டம். அந்த மலைகளுக்குத் தெற்கே நிலம் தட்டையாகிவிடும். மழைக்காடு, சதுப்பு, ஏரி, ஆறு என்று போய், கடைசியில் தெற்குக் கரைக்குப் பக்கத்தில் புல்வெளி. அந்தத் தென்பகுதியைப் பார்த்தால் அவுஸ்திரேலியா என்றே தோன்றும். யூக்கலிப்டஸ், கறையான் புற்று, வல்லபி என்கிற சின்னக் கங்காரு எல்லாம் உண்டு. சுமார் 8,000 வருடங்களுக்கு முன் வரை இரண்டும் ஒரே நிலமாக இருந்தவை, கடல் உயர்ந்து டொரஸ் நீரிணை பிரித்துவிட்டது.

நீங்கள் பார்த்த ஆற்றின் பெயர் ஃப்ளை. 1840களில் அந்தக் கடலை அளக்க வந்த பிரித்தானியக் கப்பலின் பெயர் அது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. மகாவலி 335 கிலோமீட்டர். மகாவலியில் எத்தனை அணை என்று பிள்ளைகளுக்கே தெரியும், ஃப்ளை ஆற்றில் ஒரு அணையும் இல்லை.

ஏன் சனம் குறைவு? தாழ்நிலம், வெள்ளம், மலேரியா, மழை கழுவிக் கழுவிச் சத்துப் போன மண். அதே நாட்டின் நடுவில் உள்ள மலைநாட்டில் நுளம்பு குறைவு, வற்றாளை நன்றாக விளையும், அதனால் அங்கே சனம் நெருக்கம். தாழ்நிலத்தில் ஒரு குடும்பம் உயிர் வாழ நிறைய நிலமும் நிறையத் தண்ணீரும் தேவை. சனம் குறைவு என்பதை வைத்து அது ஆளில்லாத இடம் என்று யாரும் முடிவுக்கு வரக்கூடாது. அங்கே இருந்தவர்கள் மிச்சத்தைச் சொல்லட்டும்.

பழைய எஞ்சின்காரன் எழுதியது:

மகள், நான் பாலையூற்று. கப்பலில் எஞ்சின் வேலை. கடைசியாக வேலை செய்தது அந்த ஆற்றில்தான். கியுங்காவிலிருந்து செப்புத் தாதுத் தூளை ஏற்றிக்கொண்டு கடலுக்கு இறங்கி நாட்டின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பிக்குக் கொண்டுபோகிற கப்பலில் பல வருடம் இருந்தேன். ரீச்சர் சொன்னது எல்லாம் சரி. "வெறும் காடு" என்று அந்த ஆள் சொன்னதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

கியுங்கா கடலிலிருந்து ஆற்று வழியாகச் சுமார் 800 கிலோமீட்டர் உள்ளே. அவ்வளவு உள்ளே இருந்தும் கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டர் அளவு உயரம்தான். அவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு சாய்வு என்றால் ஆறு எங்கே அவசரப்படும்? வளைந்து, பிரிந்து, திரும்பச் சேர்ந்து, பழைய வளைவுகளைக் குட்டையாக விட்டுவிட்டுப் போகும். காலையில் இடப்பக்கம் இருந்த மரத்தை மத்தியானம் வலப்பக்கம் பார்ப்போம். கரை என்று ஒரு கோடும் கிடையாது. மழை கூடினால் காட்டுக்குள்ளே மைல் கணக்கில் தண்ணீர் நிற்கும். ஒரு இடத்தில் கொஞ்சத் தூரத்துக்கு ஆறே இந்தோனேசியாவுக்கு எல்லை. ஒரு பக்கத்தில் இந்த நாட்டுப் பிள்ளைகள் குளிக்கும், மற்றப் பக்கத்தில் அந்த நாட்டுக் காடு.

எங்களுக்கு வேலை கொடுத்தது சேறும் மரமும்தான். எஞ்சினைக் குளிராக்க ஆற்றுத் தண்ணீரை உள்ளே எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணி நிறம். வடிகட்டியைக் கழற்றிக் கழுவிப் பூட்டி நிமிர்வதற்குள் அடுத்த வடிகட்டியில் அழுத்தம் ஏறிவிடும். கையால் அள்ளினால் சேறு மாவு போல நைசாக இருக்கும், உள்ளே இலை நார், சின்னச் சின்ன மரச் சிராய். மேலே தளத்தில் நிற்பவர்கள் மிதந்து வருகிற முழு மரங்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மரம் விசிறியில் அடித்தால் கீழே எங்களுக்குக் கப்பல் முழுவதும் அதிரும்.

நாங்கள் ஏற்றிய தாது மேலே மலையில் ஒக் டெடி சுரங்கத்திலிருந்து குழாய் வழியாகக் கியுங்காவுக்கு வரும். அந்தச் சுரங்கம் 1984இல் தொடங்கியது. கழிவைத் தேக்க ஒரு அணை கட்டப் போனார்கள், அதே வருடம் மலைச் சரிவு அதை அழித்துவிட்டது. பிறகு அணையே கட்டவில்லை. அரைத்த கழிவுப் பாறை அப்படியே ஆற்றில் இறங்கியது. ஆற்றின் அடி உயர்ந்தது, வெள்ளம் காட்டுக்குள் நின்றுவிட்டது, மரங்கள் நின்றபடியே செத்தன. ஆற்றோர மக்கள் அவுஸ்திரேலியா வரை போய், சுரங்கத்தின் பெரும் பங்காளியான பி.எச்.பி. நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 1996இல் நீதிமன்றத்துக்கு வெளியே இணக்கம் வந்தது. 2002இல் அந்த நிறுவனம் தன் பங்கை விட்டு வெளியேறியது. சுரங்கம் நிற்கவில்லை. இதையெல்லாம் உங்கள் கணவர் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஏனென்றால் கியுங்காவில் நிற்கிற கட்டடம், ரோடு, கடை எல்லாவற்றுக்கும் பின்னால் அந்தச் சுரங்கத்தின் காசு இருக்கிறது, அந்த ஆற்றின் இழப்பும் இருக்கிறது. ஆற்றோரத்துக் கிழவர் ஒருவர் காய்ந்த மரங்களைக் காட்டி ஒவ்வொன்றும் யாருடைய தகப்பனுடைய மரம் என்று எனக்குச் சொன்னார். நான் பார்த்தது செத்த காடு. அவர் பார்த்தது ஆட்களின் பெயர்.

அங்கேதான் எனக்கு விளங்கியது. அந்தப் பச்சை முழுவதும் உரிமைக்காரர் உள்ள நிலம். அந்த நாட்டில் நிலத்தில் 97 வீதம் பரம்பரை வழக்கப்படி குலங்களிடம் இருக்கிறது, அரசிடம் இல்லை. ஒரு ஓடையின் இந்தப் பக்கம் ஒரு குலம், அந்தப் பக்கம் இன்னொன்று. மீன் பிடிக்கிற குட்டை, சாகோப் பனந்தோப்பு, பன்றி வேட்டைக்குப் போகிற பாதை, எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. அந்த ஆள் பக்கத்தில் குடியிருக்க வேண்டும் என்றில்லை. மூன்று நாள் நடை தூரத்தில் இருப்பார், ஆனாலும் அது அவருடையதுதான். வெளியூர்க்காரன் ஒரு மரத்தைத் தறித்தால், எத்தனை நாள் கழித்தென்றாலும் கேட்க ஒருவர் வருவார்.

ஆட்கள் யார் என்று கேட்டீர்கள். கியுங்காவைச் சுற்றி ஆவின், யொங்கொம், நிங்கெரும் என்று பல இனங்கள். ஏரிப் பக்கம், மரே ஏரியில், போவாசி மக்கள். பப்புவா நியூகினியில் அதுதான் பெரிய ஏரி. அராமியா ஆற்றில் பலிமோ என்ற ஊரைச் சுற்றி கொகொடாலா மக்கள். ஒரே மரத்தில் குடைந்த நீளமான வள்ளங்களில் போட்டி ஓடுவார்கள், வள்ளத்தின் பக்கங்களில் ஒவ்வொரு குலத்தின் சின்னமும் வர்ணத்தில் தீட்டியிருக்கும். ஒரு காலத்தில் முழு ஊரும் ஒரே நீண்ட வீட்டில் இருந்தது. 1970களில் அந்தக் கலைகளைத் திரும்பவும் எடுத்து, 1974இல் பலிமோவில் பெரிய நீண்ட வீடு ஒன்றைப் பண்பாட்டு நிலையமாகத் திறந்தார்கள். முகத்துவாரத்திலும் தீவுகளிலும் கிவாய் மக்கள். அவர்கள் கடல் ஆட்கள்.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. 1984இல் இந்தோனேசியப் பக்கத்து மேற்குப் பப்புவாவிலிருந்து பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் எல்லை தாண்டி அகதியாக வந்தார்கள். பிறகு ஃப்ளைக்கும் ஸ்ட்ரிக்லண்ட் ஆற்றுக்கும் நடுவில் கிழக்கு ஆவின் என்ற இடத்தில் அவர்களுக்குக் குடியிருப்பு அமைத்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இப்போது கியுங்காச் சந்தைக்கு மரக்கறி கொண்டுவருகிறார்கள். முகாம் என்றால் என்ன, சொந்த ஊரை எட்டத்தில் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்ப்பது என்றால் என்ன என்பது நம் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களோடு பேசும்போது நான் போரில் இடம்பெயர்ந்த மூதூர் கிழக்குச் சனத்தை நினைத்துக்கொள்வேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அங்கே உயிர் சாகோப் பனைதான். ஒருமுறை கப்பலில் ஒரு பழுது, ஊர் ஒன்றுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தோம். கரையில் ஒரு அம்மாவும் இரண்டு மகள்மாரும் மரத்தைப் பிளந்து வைத்து வேலை செய்தார்கள். சின்னக் கைக்கோடரி மாதிரி ஒன்றால் உள்ளே இருக்கிற சோற்றைக் கொத்திக் கொத்தித் தூளாக்குவது ஒரு ஆள். அந்தத் தூளை பனை மட்டையால் செய்த தொட்டியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிசைந்து பிழிவது இன்னொரு ஆள். அதிலிருந்து வடிகிற வெள்ளைத் தண்ணீர் ஒரு பழைய வள்ளத்துக்குள் விழுகிறது. பொழுது சாயும்போது மேல் தண்ணீரைச் சரித்து ஊற்றிவிட, அடியில் பசை போல மா இறுகிக் கிடந்தது. அதைக் கட்டியாக்கி இலையில் சுற்றி வைத்தால் நாள் கணக்கில் இருக்கும். நெருப்பில் சுட்டுத் தந்தார்கள். உப்பில்லை, உறைப்பில்லை. மீனோடு சாப்பிட்டால் வயிறு நிறையும்.

உப்புவெளி வாணி எழுதியது:

ஐயா, ரீச்சர், இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. மகளுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். சாகோ இடிக்கிற இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். கணவரும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், நிலத்துக்கு உரிமைக்காரர் உண்டு என்ற இடத்தில் "இதை அந்த ஏஜென்சிக்காரன் சொல்லவே இல்லையே" என்றார்.

அங்கே என்ன பாஷை பேசிச் சமாளிப்பது? காய்ச்சல், ஆஸ்பத்திரி நிலைமை எப்படி? அப்புறம், கடல் பக்கம் எப்படி இருக்கும் என்று மீன்பிடிக்கிற என் தம்பி கேட்கச் சொன்னான்.

கிண்ணியா ஆய்வுகூடம் எழுதியது:

சகோதரி, நான் அந்த மாகாணத்தின் தலைநகர் டாருவில் ஒரு சுகாதாரத் திட்டத்தில் ஆய்வுகூட வேலை பார்த்தேன். டாரு ஒரு சின்னத் தீவு. கியுங்காவோடு ரோடு தொடர்பு இல்லை, ஆற்றால் அல்லது விமானத்தால்தான். போர்ட் மோர்ஸ்பியிலிருந்தும் ரோடு இல்லை, கடலால் அல்லது விமானத்தால்தான். நாட்டின் தலைநகருக்கு ரோட்டால் போகவே முடியாத மாகாணம் அது. கியுங்காவிலிருந்து முக்கிய ரோடு போவது மேலே தபுபிலுக்குத்தான்.

சுகாதாரத்தை மறைக்காமல் சொல்கிறேன். மலேரியா கடுமை. நம் நாட்டை 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதனால் நம் இளம் வயதுக்காரர்களுக்கு அந்தக் காய்ச்சலின் பயம் தெரியாது. உங்கள் கணவர் புறப்படும் முன் மலேரியாத் தடுப்பு நிலையத்தில் டொக்டரைக் கண்டு, தடுப்பு மாத்திரை எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று கேட்க வேண்டும். நுளம்பு வலையை இங்கிருந்தே கொண்டுபோகட்டும். திரும்பி வந்தபிறகு காய்ச்சல் வந்தால், எங்கே இருந்து வந்தேன் என்பதை டொக்டரிடம் முதல் வசனமாகச் சொல்ல வேண்டும்.

டாருவில் மருந்துக்கு அடங்காத காசநோய் பெரிய பிரச்சினையாக இருந்தது. நான் அங்கே போனதே அதற்காகத்தான். 2014 தொடங்கி உள்ளூர் ஆஸ்பத்திரியும் வெளி உதவியும் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். தீவில் வீடுகள் மிக நெருக்கம், தண்ணீர் தட்டுப்பாடு. 98,000 சதுர கிலோமீட்டர் மாகாணத்தில் இந்த ஒரு சின்ன இடத்தில் சனம் முட்டி மோதுகிறது. ஏன் வந்தார்கள்? ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், மீன் வாங்குகிற வியாபாரி எல்லாம் இங்கேதான். ஆற்றங்கரையில் வாழ்க்கை நொந்தவர்களும் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். நோயாளிகளின் விலாசத்தை எழுதும்போது எந்த ஆற்றிலிருந்து வந்தவர்கள் என்பது தெரியும். எனக்கு அது மனசைப் பிழிந்த வேலை.

உங்கள் தம்பிக்கு: கொடுவா மீன் அங்கே ஏராளம். ஆற்றிலும் மரே ஏரியிலும் வளர்ந்த கொடுவா முட்டை போடுவதற்காக டாருவுக்கு மேற்கே கடற்கரைக்கு இறங்கி வரும். ஒரு மீனின் வாழ்க்கையே ஏரியையும் ஆற்றையும் கடலையும் கட்டி வைத்திருக்கிறது. கிவாய் மக்கள் கடற்பசுவையும் ஆமையையும் ஈட்டி எறிந்து பிடிப்பதில் பேர் போனவர்கள்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். அந்தக் கரையிலிருந்து அவுஸ்திரேலியாவின் சைபாய் தீவுக்குச் சுமார் 4 கிலோமீட்டர். இரு நாடுகளும் 1978இல் கைச்சாத்திட்டு 1985இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. இரு கரையிலும் பரம்பரையாக வாழ்கிறவர்கள் பாஸ்போட், விசா இல்லாமல் போய் வரலாம். சொந்தக்காரரைப் பார்க்கலாம், சடங்குக்குப் போகலாம், வழக்கமாகப் பிடித்த இடத்தில் பிடிக்கலாம். வெளியாருக்கு அந்த உரிமை இல்லை. நம் மீனவரும் தமிழ்நாட்டு மீனவரும் பாக்கு நீரிணையில் படும் பாட்டைப் பார்த்த எனக்கு, கடலில் கோடு போட்டவர்களே அங்கே வாழ்கிறவர்களுக்கு வழியும் விட்டிருக்கிறார்கள் என்பது பெரிய விஷயமாகப் பட்டது. இப்போது கஷ்டங்களும் உண்டு. கடைக்கும் மருந்துக்கும் போனால் அது ஒப்பந்தத்தில் சேராது, திருப்பி அனுப்புவார்கள்.

பாஷை பற்றி எஞ்சின்கார ஐயா சொல்லட்டும். எனக்கு ஆங்கிலமும், அந்த நாட்டின் பொதுப் பேச்சு பாஷையான டொக் பிசின் கொஞ்சமும் போதுமாக இருந்தது.

பழைய எஞ்சின்காரன் எழுதியது:

கிண்ணியாத் தம்பி சொன்ன மலேரியா விஷயத்தை விளையாட்டாக எடுக்க வேண்டாம். எங்கள் கப்பலில் அது வராதவர்கள் குறைவு.

பாஷை. கியுங்காவில் ஆங்கிலமும் டொக் பிசினும் போதும். வேலைத்தலத்தில் பத்து ஆள் நின்றால் நாலைந்து தாய்மொழி இருக்கும். முன்பு தெற்குப் பக்கம் பொலிஸ்காரர் கொண்டுவந்த மொட்டு பாஷை ஓடியது, வயசானவர்கள் இன்னும் பேசுவார்கள். டொக் பிசினில் நாலு வார்த்தை பேசினால் போதும், முகம் மலர்ந்துவிடும். "வன்டொக்" என்பார்கள், ஒரே பாஷை பேசுகிற சொந்தம். ஒருவனுக்குச் சம்பளம் வந்தால் அவனுடைய வன்டொக் எல்லோருக்கும் அதில் பங்கு. உங்கள் கணவர் மேற்பார்வையாளர் என்றபடியால் முற்பணம் கேட்டு வருவார்கள். ஊதாரித்தனம் என்று எடைபோட வேண்டாம். கொடுத்து வைக்கிற இடம் அவர்களுக்கு வங்கியை விட நம்பிக்கை.

வெற்றிலை போடுகிற பழக்கம் உள்ள ஆள் என்றால் பாதி வேலை முடிந்தது. அங்கே பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் நம்மைப் போலத்தான். ஆனால் இலையை விட வெற்றிலைக் கொடியின் காய்த் திரியைத்தான் அதிகம் கடிப்பார்கள், அதைச் சுண்ணாம்பில் தொட்டு. நான் போன புதிதில் கப்பல்துறையில் ஒரு ஆள் பாக்கை நீட்டினார். நம்மூரில் அம்மம்மா வெற்றிலைத் தட்டம் வைத்திருந்த கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து ஊர்க்காரன் மாதிரித்தான்.

வறட்சி பற்றியும் சொல்ல வேண்டும். எட்டு மீட்டர் மழை பெய்கிற நாட்டில் வறட்சியா என்று நினைப்பீர்கள். 1997இலும் 2015இலும், பசிபிக் கடல் சூடாகி அந்தப் பக்கம் மழை குறைகிற எல் நினோ வந்தபோது ஆறு இறங்கிப்போய்க் கப்பல் ஏற முடியவில்லை, சுரங்கமே மூடப்பட்டது. கியுங்காவுக்கு அரிசி, டீசல், சீமெந்து எல்லாம் ஆற்றால்தான் வருகிறது. ஆறு வற்றினால் கட்டட வேலையும் நிற்கும். அந்த மாதங்களில் சம்பளம் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஒரு சின்ன ஒப்பந்தக்காரர் அந்த நேரம் ஒரு சதமும் கொடுக்கவில்லை.

மூதூர் புவியியல் ரீச்சர் எழுதியது:

வாணி, மகளுக்கு ஒரு கணக்குத் தருகிறேன். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது.

அந்த மாகாணத்தின் தெற்குப் புல்வெளியில், இந்தோனேசிய எல்லைக்குப் பக்கத்தில், வள்ளிக்கிழங்கு பயிரிடுகிற சின்னச் சின்ன இனங்கள் இருக்கின்றன. நென், கொம்ன்ஸோ என்று பாஷைகள். ஒவ்வொன்றையும் பேசுகிறவர்கள் சில நூறு பேர்தான். நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். அவர்கள் ஆறு ஆறாக எண்ணுவார்கள். 6, பிறகு 36, பிறகு 216, பிறகு 1,296, பிறகு 7,776, பிறகு 46,656. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருக்கிறது. அறுவடைக் கிழங்கை எண்ணி அடுக்குவதற்கு இந்தக் கணக்கு. இரண்டு ஆண்கள் ஆளுக்கு மூன்று கிழங்காகத் தூக்கி வைப்பார்கள், சேர்த்து ஆறு. அப்படி ஆறு தடவை வைத்தால் 36. ஊரார் முன்னிலையில் சத்தமாக எண்ணுவார்கள், யாருடைய களஞ்சியத்தில் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு கிராமத்தில் 46,656க்குத் தனிப் பெயர் தேவைப்படுகிற அளவுக்குக் கிழங்கு விளைந்திருக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, "சத்தில்லாத மண் என்று ரீச்சர் சொன்னேனே, அப்புறம் எப்படி?" என்று கேட்பேன். அவர்களே பதில் தேடுவார்கள். மண்ணை மேடாக்கித் தண்ணீர் வடிய விட்டது, ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறியது, எந்தக் கிழங்கு எந்த மேட்டில் வரும் என்று தலைமுறையாகத் தெரிந்து வைத்தது. உங்கள் மகளை 36 கொட்டைப்பாக்கோ புளியங்கொட்டையோ எடுத்து ஆறு ஆறாக வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்புவெளி வாணி எழுதியது:

ரீச்சர், புளியங்கொட்டை 216 வரை போய்விட்டது, இனிக் கொட்டை இல்லை என்கிறாள்.

கணவர் ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்து வாசித்தார். ஆறு இறங்கினால் என்ன என்று அதில் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கப் போகிறார். கட்டடம் எந்தக் குலத்தின் நிலத்தில் வருகிறது, அவர்களோடு பேசி முடித்தாகிவிட்டதா என்பதையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய எஞ்சின்காரன் எழுதியது:

அந்த இரண்டாவது கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொல்லுங்கள் மகள். வாயால் "எல்லாம் பேசியாச்சு" என்றால் ஏற்க வேண்டாம். நிலத்துக்காரரோடு சிக்கல் வந்தால் வேலைத்தலத்தின் வாசலில் நிற்கப்போவது உங்கள் கணவர்தான், கம்பனி முதலாளி இல்லை.

கொண்டுபோக வேண்டியவை: நல்ல ரப்பர் பூட்ஸ் இரண்டு சோடி, நுளம்பு வலை, தலைக்கு மாட்டுகிற டோர்ச், மிளகாய்த்தூள். மிளகாய்த்தூள் அங்கே கிடைப்பது நமக்குப் போதாது. விமானத்தில் கியுங்காவுக்குச் சின்ன ரகம்தான் வரும், பாரத்துக்குக் கணக்குப் பார்ப்பார்கள், அதனால் அளவாகக் கட்டட்டும். திங்கட்கிழமை என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.